துலக்காதவளுக்கு முதல் பரிசு

விருத்தாம்பாள் வாயைத் திறந்தால் பாறைமேட்டு நாய்கள் குரைப்பதை நிறுத்திவிடும். நாய்களுக்குத் தெரிந்த இந்த மரியாதை, செஞ்சிப் பள்ளிக்கூடம் ஒன்றின் தலைமையாசிரியர் ராஜகோபாலுக்குத் தெரியாமல் போனதுதான் அறுபத்தேழாம் வருஷத்துக் கதை.

பாறைமேடு செஞ்சியிலிருந்து ஒரு மைல். முப்பது வீடு, சுற்றிலும் வேர்க்கடலை விளையும் மல்லாட்டைக் கொல்லை, நடுவில் ஒரு கிணறு. அதன் பெயர் பிளாக்குக் கிணறு. பத்து வருஷத்துக்கு முன்னால் பிளாக்கு என்கிற வட்டார வளர்ச்சி ஆபீஸ் அதிகாரிகள் வந்து, பாறைக்கு வெடி வைத்து, அறுபதடி ஆழத்தில் தண்ணீர் காட்டினார்கள். அதுவரை ஊர் குடித்தது ஏரித் தண்ணீர். திறப்பு விழாவில் அதிகாரிக்கு மாலை போட்டவன் விருத்தாம்பாளின் புருஷன் பச்சைமுத்து. மாலை போட்ட அந்தக் கைகளுக்கு அதன்பிறகு அவன் வேறு வேலை எதுவும் பெரிதாகக் கொடுத்ததில்லை.

அந்த விழாவில் விருத்தாம்பாள் இல்லை. மூத்தவள் செந்தாமரையைப் பெற்றெடுக்கப் பனமலையில் தாய்வீடு போனவள், புருஷனோடு ஒரு சண்டையைப் போட்டுக்கொண்டு ஐந்து வருஷம் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். சண்டை எதற்கு என்பது இருவருக்கும் மறந்தபிறகு திரும்பி வந்தாள். மறுவருஷம் நீலாவதி பிறந்தாள். இப்போது இடுப்பில் கனகராஜ், எட்டு மாதம்.

நீலாவதிக்குப் பால்பல் விழுந்து முளைத்த பல்லெல்லாம் பழுப்பு. துருப்பிடித்த தகரம் மாதிரி திட்டுத்திட்டாக. பாறைமேட்டுப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் அப்படித்தான். தலைமையாசிரியர் இதற்கு ஒரு வைத்தியம் வைத்திருந்தார். காலைப் பிரார்த்தனை முடிந்ததும் எல்லாரும் 'ஈ' என்று இளிக்க வேண்டும். அவர் வெற்றிலைச் சாற்றை ஓரமாகத் துப்பிவிட்டு, புகையிலையில் கறுத்த தம் பற்களுக்கிடையே காற்று ஊத, பிரம்போடு நடப்பார். நோட்டில் இரண்டே பத்தி: துலக்கியவர், துலக்காதவர். பாறைமேடு மொத்தமும் இரண்டாம் பத்தியில், மணியடிக்கும்வரை வெயிலில்.

விருத்தாம்பாளும் அது அழுக்குதான் என்று நம்பினாள் என்பதைச் சொல்லாமல் விட்டால் கதை அவளுக்குச் சாதகமாகிவிடும். செங்கல்லை இடித்து, துணியில் சலித்து, மகளின் வாயைப் பிடித்துத் தேய்த்தாள். ஒரு வருஷம் முழுக்கத் தேய்த்தாள். ஈறு சிவந்தது, பல் வெளுக்கவில்லை.

ஒருநாள் நீலாவதி பையைத் தூக்கி மூலையில் எறிந்தாள்.

"யம்மா, நான் இனிமே பள்ளிக்கூடம் போவமாட்டேன். பாக்குப்பல்லி பாக்குப்பல்லின்னு கூப்புடறாங்க. சாரு வாயெ மோந்து பாக்கறாரு, பீடி குடிக்கிறியான்னு."

பீடி என்றதும் செந்தாமரைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அழுகிற வாயும் சிரிக்கிற வாயும் பக்கத்தில் பக்கத்தில். ஒன்று பழுப்பு, ஒன்று முல்லை மொட்டு. ஒரே வீடு, ஒரே வேப்பங்குச்சி. செங்கல் பொடியோடு நின்ற விருத்தாம்பாளின் கை அப்படியே நின்றது.

மறுநாள் கிணற்றடியில் தண்ணீர் சேந்த வந்தவர்களின் வாயையெல்லாம் பார்த்தாள். மாட்டுத் தரகன்கூட அப்படிப் பார்த்திருக்கமாட்டான். வெளியூரிலிருந்து வந்த மருமகள்களுக்கு வெள்ளைப் பல். அவர்கள் இங்கே பெற்ற பிள்ளைகளுக்குப் பழுப்பு. செந்தாமரையும் ஐந்து வயதுவரை குடித்தது பனமலைத் தண்ணீர்.

"கிணறுதான்யா" என்றாள் புருஷனிடம்.

"இன்னாடி ஒளர்ற? கவர்மெண்டு கிணறு. அதிகாரியே குடிச்சுட்டு ஜம்முனு இருக்குதுன்னாரு."

"ஒரு டம்ளரு குடிச்சாரு, ஜீப்பு ஏறிட்டாரு. இங்கியே குந்தியா பல்லு மொளைக்க வெச்சாரு?"

அந்த வாரமே பள்ளியில் சுகாதார விழா. பட்டணத்திலிருந்து பல் டாக்டர் ஒருவர் வந்திருந்தார். சொத்தையே இல்லாத பிள்ளைக்கு முதல் பரிசு, ஒரு டப்பா ரோஸ் பல்பொடி. விருத்தாம்பாள் அழுத நீலாவதியை ஒரு கையிலும் செந்தாமரையை மறு கையிலும் இழுத்துக்கொண்டு, கனகராஜை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய்ச் சேர்ந்தாள்.

டாக்டரின் அச்சடித்த தாளில் சொத்தைக்கு இடம் இருந்தது. கறைக்கு இடம் இல்லை. கடைத்தெருப் பிள்ளைகள் வாயைத் திறக்கத் திறக்கச் சொத்தை. அவர்கள் தின்ற மிட்டாய் அப்படி. டாக்டர் எண்ணி எண்ணிக் களைத்து, சொத்தையே இல்லாத முதல் வாயைக் கண்டதும் எழுந்து அறிவித்தார்: "முதல் பரிசு, பி. நீலாவதி!"

ராஜகோபால் பதறிவிட்டார். "சார், அது பல்லே துலக்காத பொண்ணு சார்! நோட்டுல இருக்கு."

"இந்தாங்க வாத்தியாரே," விருத்தாம்பாள் முன்னால் வந்தாள். "துலக்காதவளுக்குத்தான் சொத்தை இல்லியா? அப்ப துலக்குன பசங்கள்லாம் நாளையிலேர்ந்து துலக்காம வரட்டுமா?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள். டாக்டர் சிரிக்கவில்லை. நீலாவதியின் வாயையும், பக்கத்தில் நின்ற செந்தாமரையின் வாயையும் இப்போதுதான் நிஜமாகப் பார்த்தார்.

"இது அழுக்கு இல்லம்மா. தண்ணியில ஃபுளோரைடுன்னு ஒரு உப்பு. அளவா இருந்தா பல்லுக்கு உரம், சொத்தை விழாது. அமெரிக்காவுல அதைக் காசு கொடுத்துக் குழாய்த் தண்ணியில கலக்கறாங்க, தெரியுமா?"

"அப்ப எங்க கெணத்தெ அந்த ஊருக்கே ஏத்தி அனுப்பிடுங்க. அளவு மீறினா?"

"பல் உருவாகிற வயசுல குடிச்சா கறை விழும். தேய்ச்சாலும் போகாது."

"தேய்ச்சாலும் போவாதா?" அவள் குரல் அங்கே ஒரு கணம் இறங்கியது. செங்கல் பொடி ஞாபகம். பிறகு ஏறியது. "எங்க கெணத்துல அளவு எவ்ளோ?"

"பாட்டில்ல பிடிச்சு அனுப்பிப் பார்க்கணும்."

"பத்து வருசமா ஒரு பாட்டிலு கெடைக்கலியா உங்களுக்கு?"

டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். படித்தவர்களுக்கு எல்லாக் கேள்விக்கும் பதில் அதில்தான் இருக்கும்போல.

விருத்தாம்பாள் தலைமையாசிரியர் பக்கம் திரும்பினாள். "வாத்தியாரே, கேட்டீங்க இல்ல? நோட்டுல எம்பொண்ணு பேரெ அடிங்க. எங்க ஊரு பசங்க பேரு அத்தனையும் அடிங்க."

"அடிச்சா எந்தப் பத்தியில எழுதறது?" ராஜகோபால் நிஜமாகவே குழம்பினார். நோட்டில் இரண்டே பத்திதான் இருந்தது. கடைசியில் ரூல்தடியை வைத்து மூன்றாவது கோடு கிழித்து, தலைப்பில் 'கிணறு' என்று எழுதினார். அதற்குப் பிறகு பாறைமேட்டுப் பிள்ளைகள் வெயிலில் நிற்கவில்லை. நீலாவதி மறுநாளே பள்ளிக்கூடம் போனாள்.

பாட்டில் ஒன்று பட்டணத்துக்குப் போனதாகவும் கேள்வி. பதில் வந்ததாகக் கேள்வி இல்லை. விருத்தாம்பாள் அதற்காகக் காத்திருக்கவில்லை. கனகராஜுக்கு மட்டும் ஏரியிலிருந்து தண்ணீர் எடுத்து, வடிகட்டி, காய்ச்சிக் கொடுத்தாள். அரை மைல் நடந்து அந்தக் குடத்தைச் சுமந்தது பச்சைமுத்து. மாலை போட்ட கைகளுக்கு ஒருவழியாக வேலை கிடைத்தது.

பரிசாக வந்த ரோஸ் பல்பொடியை யாரும் வாயில் வைக்கவில்லை. அந்தப் பித்தளைக் குடத்தைத் தேய்க்க அதுபோல ஒன்று கிடையாது என்று விருத்தாம்பாளே ஒப்புக்கொண்டாள்.