அவர்கள் கடிகாரமும் எங்கள் பஸ்ஸும்

ஆம்பூரில் நான் வேலை பார்க்கும் ஷூ கம்பெனியில், ஐரோப்பா கஸ்டமரோடு தினமும் சாயங்காலம் வீடியோ காலில் பேசுவது என் பொறுப்பு. அவர்களுக்கு மதியம் இரண்டு மணி, நமக்கு ஐந்தரை. பேசி முடித்து ஓடினால் ஆறேகால் கம்பெனி பஸ் கிடைக்கும். குடியாத்தத்தில் இறங்கி மூன்று வயது மகளைக் கையில் வாங்கிக்கொள்வேன். விசைத்தறி ஓட்டும் என் வீட்டுக்காரர் உடனே ராத்திரி ஷிப்டுக்குக் கிளம்புவார். எங்கள் குடும்பமே அந்த பஸ்ஸை நம்பித்தான் இருக்கிறது.

ஐப்பசியில் அந்த ஊர்க்காரர்கள் குளிர்காலத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுவார்கள்; பங்குனியில் கோடைக்காகத் திரும்ப முன்னால் நகர்த்துவார்கள். அவர்களுக்கு அதே இரண்டு மணி, நமக்கோ ஆறரை. பஸ் போய்விடும். பங்குனி வரை நான் டவுன் பஸ்ஸுக்குக் கால் கடுக்க நிற்க வேண்டும். நான் போய்ச் சேரும்வரை மகள் அப்பாவோடு தறிக்கொட்டகையில், காதில் பஞ்சோடு படுத்திருப்பாள்.

அவர்களுக்கு ஒரு மணி ஆகும்போதே பேசலாமே என்று மேனேஜரிடம் கேட்டேன்.

"இன்னாம்மா பேஜார் பண்ற. அது அவங்க சாப்பாட்டு டைம்."

"அப்போ பஸ்ஸையாவது கொஞ்சம் நிறுத்தி வைங்க சார்."

"உன் ஒருத்திக்காக பஸ் நிக்குமா?"

இந்த வருடம் கடிகாரம் மாறிய மறுநாள், "நேற்று ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கினேன்" என்று கஸ்டமர் சிரித்தார். மேனேஜரும் கூடச் சிரித்தார். பூனைக்குக் கொண்டாட்டம், எலிக்குத் திண்டாட்டம்.

"இப்படிக் கடிகாரத்தை மாற்றுவதையே நிறுத்திவிடலாம் என்று வருடக்கணக்காகப் பேசுகிறோம்" என்றார் கஸ்டமர். "கோடை நேரத்தையே வைத்துக்கொள்வதா, குளிர்கால நேரத்தையா என்பதில்தான் சண்டை."

கோடை நேரம் நிலைத்தால் வருடம் முழுக்க எனக்கு பஸ் உண்டு. குளிர்கால நேரம் நிலைத்தால் இனி என்றைக்குமே கிடையாது. என் வீட்டு ராத்திரியை வைத்து யாரோ வாதாடுகிறார்கள், என்னை ஒரு வார்த்தை கேட்க நாதியில்லை.

"நீங்கள் எந்தப் பக்கம்?" என்று கேட்டேன்.

"குளிர்கால நேரம்தான். குழந்தைகளின் தூக்கம் கெடக் கூடாது, இல்லையா?"

"எனக்கும் ஒரு குழந்தை இருக்கிறது" என்று ஆரம்பித்தேன். மேனேஜர் கையை நீட்டி மைக்கை அணைத்துவிட்டார். "ஷூ மேட்டர் மட்டும் பேசும்மா."

பேசினேன். வேறென்ன செய்ய?

இப்போது மார்கழி. கொட்டகையிலிருந்து மகளைத் தூக்கி வந்து, வீட்டில் காதுப் பஞ்சை எடுக்கிறேன். "அம்மா, தண்ணி" என்று பக்கத்து வீடு வரை கேட்கும்படி கத்துகிறாள். தறிச் சத்தத்தில் கத்திக் கத்திப் பழகிவிட்டது. நான் அவள் எதிரிலேயேதான் உட்கார்ந்திருக்கிறேன்.