ஓர் ஆற்றுக்கு இரண்டு மணிகள்

மலேசியாவில் ரந்தாவ் பக்கம் நாங்கள் குடியிருக்கும் தோட்டத்தில் ஆறு பொங்கினால் முதலில் நனைவது, தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் கடைசி வீடு. அங்கே இருக்கும் அக்கா துணி தைத்துக் கொடுப்பவர். அவர் கணவருக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. வெள்ளம் என்றால் அவரைச் சக்கர நாற்காலியில் ஏற்றி, மேட்டிலுள்ள கோயில் மண்டபத்துக்குத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். அதற்குக் கொஞ்சமாவது முன்கூட்டித் தெரிய வேண்டும்.

சிரம்பானில் ஒரு கணினி நிறுவனத்தில் நிரல் எழுதுவது என் வேலை. அந்தத் தெம்பில் எங்கள் பாலத்துக்கு அடியில் பேட்டரியில் ஓடும் ஒரு சின்னக் கருவியை மாட்டினேன். தண்ணீர் எவ்வளவு கீழே இருக்கிறது என்று அளந்து, சிம் கார்டு வழியாக என் வீட்டுக் கணினிக்கு அனுப்பும். தண்ணீர் ஏறினால் லயத்து ஆட்களின் கைப்பேசிகளில் மணி அடிக்கும். நிரலையும் அளவுகளையும் பூட்டி வைக்காமல் இணையத்தில் திறந்து போட்டேன். யாரும் எடுக்கலாம், திருத்தலாம், தங்கள் பெயரில் ஓடவிடலாம். யார் எடுக்கப் போகிறார்கள் என்ற தைரியம்தான்.

கோயில் திருவிழா முடிந்த மறுநாள், வாசலில் கட்டிய வாழை மரங்களை ஆற்றில் விடுவது எங்கள் வழக்கம். பிறந்ததிலிருந்து பார்த்து வருகிறேன். நிரல் எழுதும்போது மட்டும் அது நினைவுக்கு வரவில்லை. மரங்கள் பாலத்துத் தூணில் சிக்கி ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி நின்றன. கருவி அதைத் தண்ணீர் என்று அளந்துவிட்டது. மண்டை பிளக்கும் வெயிலில் லயம் முழுக்க வெள்ள மணி. கணவரை மேட்டுக்குத் தள்ளிக்கொண்டு போய் அக்கா மூச்சு வாங்க நின்றார். மண்டபத்தில் அண்டா கழுவிக்கொண்டிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம்.

“வாழ மரத்துக்கும் வெள்ளத்துக்கும் உன் மணிக்கு வித்தியாசம் தெரியாதா லா?” என்றார் அக்கா. அன்றே பாதி லயம் மணியை அணைத்துவிட்டது. நடந்ததை இணையத்தில் என் நிரல் பக்கத்தில் பிழை என்று குறித்து வைத்தேன்.

கொஞ்ச நாளில், இதே ஆற்றின் மேல்பக்கம் சிரம்பானில் இருக்கும் ஒருவர் என் நிரலை அப்படியே எடுத்து, தன் வீட்டருகே உள்ள பாலத்தில் ஒரு கருவியை மாட்டினார். அதோடு விட்டாரா? ஒருமுறை உயர்ந்த அளவு வந்தால் போதாது, சிறிது நேரம் காத்திருந்து அப்போதும் உயர்ந்தே இருந்தால்தான் அடிக்க வேண்டும் என்று மாற்றினார். அவர் நிரல் பக்கத்தின் முகப்பில் ‘வாழை மரத்துக்கு அடிக்காத மணி’ என்று ஒரு வரி வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் பாலத்துக்கும் அவர் நிரல் வேலை செய்ததால் லயத்து ஆட்கள் அதற்கு மாறினார்கள். கடைசி வீட்டு அக்காவும்தான்.

இணையத்தில், நாலு பேர் பார்க்க, நாங்கள் சண்டை போட்டோம். “இங்கே நடக்க முடியாதவர் ஒருவர் இருக்கிறார். நீங்கள் காத்திருப்பது அவருடைய நேரத்தை” என்று எழுதினேன். “யாரும் நம்பாத மணி எவ்வளவு சீக்கிரம் அடித்து என்ன?” என்று பதில் வந்தது. அவர் சொன்னதும் சரிதான் என்பது என் கோபத்தைக் கூட்டியது.

வேடிக்கை என்னவென்றால், சண்டை நடக்க நடக்கவே வேலையும் நடந்தது. என் நிரலில் இருந்த பிழையைத் திருத்தி ஒரு வார்த்தை பேசாமல் அனுப்புவார், சேர்த்துக்கொள்வேன். நான் புதிதாக எழுதியது மறுநாள் அவருடைய நிரலில் இருக்கும், என் பெயரோடு. ஒருநாள் கேட்டார்: “உங்கள் வீட்டுக் கணினி படுத்துவிட்டால் என்ன செய்வீர்கள்? கருவி எனக்கும் நேராக அனுப்பட்டுமே.” என் கணினியை அவர் அப்படிச் சொன்னது பிடிக்கவில்லை. மறுக்கக் காரணம் கிடைக்காததால் செய்து கொடுத்தேன்.

பிறகு ஒரு விடுமுறை நாள். மத்தியானமே இருட்டிக்கொண்டு மழை கொட்டியது. கரண்டு போனது. கணினியின் விளக்கும் அணைந்தது. குடையைத் தேடக்கூட நிற்காமல் கடைசி வீட்டுக்கு ஓடினேன். படியில் தண்ணீர் ஏறியிருந்தது. வீடு காலி.

மண்டபத்துக்கு ஓடினேன். அக்காவின் கணவர் தலையில் துண்டோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் தையல் மெஷினின் தலை. அதைக் கழற்றி எடுத்து வரவும் நேரம் இருந்திருக்கிறது.

“எப்பக்கா வந்தீங்க?”

“அப்பவே லா. தண்ணி படிக்கு வர்றதுக்கு முன்னாடியே அவரு மணி அடிச்சிருச்சு. உன்னோடதுதான் ஊமையா கெடக்கு.”

எங்கள் பாலத்தின் அளவு, நான் முகம் பார்த்திராத ஒருவரின் கணினிக்குப் போய், அக்காவின் ஈரக் கைக்குத் திரும்பி வந்திருக்கிறது. அதில் முக்கால்வாசி நான் எழுதிய வரிகள். ஒவ்வொன்றும் எனக்கு மனப்பாடம். ஆனாலும் அந்த நேரத்தில் அது என்னால் ஆன காரியம் என்று நினைக்கவே முடியவில்லை. கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

அப்போது கைப்பேசி அடித்தது. நிரல் பக்கத்தில் நான் போட்டிருந்த எண்ணுக்குத்தான் அழைப்பு. ஓர் ஆண் குரல், தான் யாரென்றுகூடச் சொல்லவில்லை.

“நடக்க முடியாதவர் ஒருத்தர் இருக்காருன்னு எழுதியிருந்தீங்களே. அவரு மேல வந்துட்டாரா?”

“வந்துட்டாரு” என்றேன்.

அவர் தொடர்ந்தார். “எங்க பாலத்துல தண்ணி ஏறிட்டா, உங்க பாலத்துக்குக் காத்திருக்காம அடிக்கிற மாதிரி போன வாரம் மாத்திட்டேன். நீங்க சொன்னத யோசிச்சுப் பார்த்தேன். சண்டையில இருந்தோமா, சொல்லல. உங்களோடதுக்கும் அனுப்பட்டுமா?”

அப்படியென்றால் மணியை முதலில் அடித்தது எங்கள் பாலம்கூட இல்லை, அவருடையது. “அனுப்புங்க” என்றேன்.

மழை விட்டதும், கணவரின் காலைத் துடைத்துவிட்டபடியே அக்கா கேட்டார்: “இனிமே நான் எத வெச்சுக்கிறது தங்கச்சி? உன்னோடதா, அவரோடதா?”

“அவரோடதையே வெச்சுக்குங்கக்கா” என்றேன். அங்கேயே நின்று, என் கைப்பேசியிலும் அதை இறக்கிக்கொண்டேன்.