மலை அவள் வாசலுக்குப் போனது

குடும்பத் தென்னந்தோப்பைப் பாகம் பிரித்தபோது நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். தோப்பின் தென்மேற்கு மூலையில் வீடு கட்டிக்கொள்ள இடம் வேண்டும் என்றேன். ரோடு தூரம், மழை பெய்தால் வண்டி வராது என்று கணவர் எடுத்துச் சொன்னார். நான் விடவில்லை. அங்கே நின்றால் தெற்கே நெல்லியாம்பதி மலை ஒரு மறைப்பும் இல்லாமல் தெரியும். ஆனி, ஆடியில் மழை கொட்டி ஓய்ந்ததும் மலைமேலிருந்து நாலைந்து இடத்தில் வெள்ளையாய்த் தண்ணீர் இறங்கும். மீனாட்சிபுரம் பக்கத்தில் எத்தனையோ வீடுகளுக்கு மலை தெரியும்தான். ஆனால் எங்கள் வீட்டு முன்திண்ணையில், இங்கே சொல்கிற சிட்டவுட்டில், உட்கார்ந்தால் கண்ணில் வேறு எதுவுமே படாது.

கொழுந்தன் குடும்பத்துக்கு வடகிழக்கே, ரோட்டோரம் இடம் கிடைத்தது. அவர்கள் வாசலும் தெற்கு பார்த்ததுதான். ஆனால் முன்னால் எங்கள் பங்குத் தென்னைகள் வரிசையாக நின்றன. கொழுந்தன் மனைவி, என் ஓரகத்தி, மலையைப் பார்க்க வேண்டுமென்றால் எங்கள் வீட்டுக்குத்தான் வர வேண்டும். வருவாள்.

“உங்கூட்டுல இருந்து பாத்தாத்தானுங்க்கா மலை மலையாட்ட இருக்குது” என்பாள்.

அதைக் கேட்க எனக்குப் பிடிக்கும். காபி கலந்து கொடுத்து, “இன்னுங் கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போ புள்ள” என்பேன். இருபது வருஷம் இப்படிப் போனது.

பிறகு எங்கள் வேலிக்குத் தெற்கே இருந்த வயலில் கரண்டு சப்ஸ்டேஷன் வரப்போவதாகச் சொன்னார்கள். பஞ்சாயத்து ஹாலில் கூட்டம் போட்டார்கள். ‘இப்போது’, ‘பிறகு’ என்று இரண்டு பெரிய படங்களை வைத்திருந்தார்கள். ‘பிறகு’ படத்தில் டவர்கள் ஓரமாக, தீக்குச்சி அளவுக்குத்தான் இருந்தன. நான் எழுந்து, எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று கேட்டேன். விளக்கம் சொல்ல வந்திருந்த இளம்பெண் இன்ஜினியர் மலையாளமும் தமிழும் கலந்து பதில் சொன்னாள்.

“சேச்சி, இது ரோட்டில் நின்னு எடுத்த போட்டோ. வீடுகளில் இருந்து எடுத்திட்டில்ல.”

வீடுகளிலிருந்து படம் எடுக்கவே இல்லையாம். உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த வருஷம் வயலில் மண் கொட்டி, ஜல்லி பரப்பி, கம்பிவேலி போட்டார்கள். சாம்பல் நிற இரும்புச் சட்டங்கள் எழுந்தன. கடைசியாக டவர் ஏறியது. மலைக்கு நேர் நடுவில். சிட்டவுட்டில் உட்கார்ந்தால் மலை துண்டு துண்டாக, இரும்புக் கட்டங்களுக்குள் தெரிந்தது. “பழகிரும் புள்ள. இனிமேல் கரண்டு போவாதுங்கறாங்க” என்றார் கணவர். கரண்டு போகவில்லை, உண்மைதான். எனக்குப் பழகவும் இல்லை.

கரண்டு லைன் கிழக்கிலிருந்து எங்கள் தோப்பைத் தாண்டி வந்தது. கம்பிக்குக் கீழே உயரமான மரம் நிற்கக் கூடாது என்று அந்த நீளப் பட்டை நிலத்தில் இருந்த தென்னைகளை எல்லாம் வெட்டினார்கள். ஒரு வாரம் கழித்து ஓரகத்தி போன் செய்தாள்.

“அக்கா, உடனே வாங்க. ஒன்னு காட்டோணும்.”

போனேன். வாசலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தாள். என் மரங்கள் நின்ற இடம் வெட்டவெளியாகக் கிடந்தது. கம்பிகள் எங்கோ உயரத்தில் போயின. அவற்றுக்குக் கீழே முழு மலையும் நின்றது.

“பாத்தீங்களாக்கா? இத்தன நாளா இங்கதான் இருந்திருக்குதுங்க!”

“மேல கம்பி தெரியுதே புள்ள” என்றேன்.

“அது கண்ணுக்கே படறதில்லீங்க்கா.” காபி கொண்டு வந்தாள். நான் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தபோது, “இன்னுங் கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போங்க” என்றாள்.

அன்றிலிருந்து என் வயிறு எரியத் தொடங்கியது. அவளுடைய மருமகள் அந்த மலையைப் படம் எடுத்து, ‘எங்க வீட்டு வியூ’ என்று சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டாள். கோயம்புத்தூரில் இருக்கும் என் தங்கை, “அது உங்க ஊடில்லையா?” என்று கேட்டாள். என் மரத்தை வெட்டி அவளுக்கு மலை கொடுத்திருக்கிறார்கள் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை.

ஐப்பசியில் கணவரிடம், அந்தப் பட்டை சும்மா கிடக்கிறதே, நேந்திரன் வாழை வைக்கலாம் என்றேன். கம்பிக்குக் கீழே வாழை வைக்கத் தடையில்லை. அவருக்குச் சந்தோஷம். எங்கெங்கே குழி எடுப்பது என்று நானே வரப்பில் நின்று காட்டினேன். முதல் வரிசை ஓரகத்தியின் வேலியை ஒட்டி. இரண்டாவது வரிசை, முதல் வரிசையின் இடைவெளிக்கு நேராக. தினமும் போய்ப் பார்த்தேன். என் வாழ்நாளில் ஒரு பயிரை அப்படிக் கவனித்ததில்லை.

ஆனியில் மழை பிடித்தபோது வாழை ஆளுயரத்துக்கு மேல் போயிருந்தது. எவ்வளவு மறைத்திருக்கிறது என்று பார்க்கவே அவள் வீட்டுக்குப் போனேன். நாற்காலி பழைய இடத்திலேயே கிடந்தது. அவள் அதில் உட்கார்ந்து வாழை இலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நல்லா வந்திருக்குதுங்க்கா.”

“ம்.”

“பாகம் பிரிக்கறப்போ நானும் அந்த மூலையைத்தானுங்க கேட்டேன். அண்ணி முந்திக் கேட்டுட்டாங்கன்னு எங்கூட்டுக்காரரு என் வாய அடச்சுட்டாரு.”

இது எனக்குத் தெரியாது. அவள் என் பக்கம் திரும்பாமலே பேசினாள்.

“உங்கூட்டுக்கு வந்து சிரிச்சுப் பேசிட்டுத் திரும்பறப்பெல்லாம் எனக்கு வயிறு எரியுமுங்க. உங்க முன்னாடி அந்த டவர் ஏறுனப்போ சந்தோசமா இருந்துச்சு. பொய் சொல்லலீங்க்கா.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இருபது வருஷம் என் கையால் காபி வாங்கிக் குடித்தவள். ஆனால் கோபத்தோடு கோபமாக, நெஞ்சிலிருந்து ஏதோ பாரம் இறங்கியதுபோலவும் இருந்தது.

“மலைய மறைக்கறதுக்குத்தான் இந்த வாழைய வெச்சேன்” என்றேன்.

“தெரியுமுங்க. குழி எடுத்த அன்னைக்கே தெரியும்.”

மழை வலுத்தது. குடை இருந்தும் நான் உடனே கிளம்பவில்லை.

ஓணத்துக்குத் தார்களை வெட்டினோம். பக்கக் கன்றுகளை விட்டுவிடலாம் என்றார் கணவர். வேண்டாம், காற்றுக்குச் சாய்கிறது, நிலக்கடலை போடலாம் என்றேன். “இத்தன நல்லா வந்த வாழையையா?” என்று அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். காரணத்தை அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை.

இப்போது மலை அவள் வாசலில் நிற்கிறது. வாரத்தில் இரண்டு நாள் சாயங்காலம் போகிறேன். அவளோடு உட்கார்ந்து பார்க்கிறேன். பொறாமை போய்விட்டது என்று சொன்னால் அது பொய். சில நாள் பேச்சுக்கு நடுவிலேயே வந்துவிடும். அவளுக்கும் அது தெரியும் என்பதால் மறைக்க மெனக்கெடுவதில்லை. திரும்பும்போது ஈரக்காற்றில் கம்பிகள் இரைவது கேட்கும். டவர் தெரியும் முன்வாசல் பக்கம் நான் போவதில்லை. பின்வாசல் வழியாக நுழைந்து, ராத்திரிச் சமையலுக்கு அரிசியைக் களையத் தொடங்குகிறேன்.