நன்கொடை என்று எழுதிய காணி

காணி வாங்குகிறவர்கள் இன்றைக்கும் என்னிடம் வருகிறார்கள். துறைமுகப் பக்கத்துக் கந்தோர் ஒன்றில் முப்பது வருடம் கணக்கு எழுதியவன் நான். வங்கிக் கடனுக்கு எந்தப் பத்திரம் வேண்டும், முத்திரை வரி எவ்வளவு வரும், பிறகு விற்றால் இலாபத்துக்கு வரி உண்டா என்றெல்லாம் கேட்பார்கள். எனக்கும் சொல்லப் பிடிக்கும். நாலு பேர் வாசலில் காத்திருந்தால் கொஞ்சம் மிதப்பாகவும் இருக்கும், பொய் சொல்வானேன்.

ஒரு கேள்விக்கு மட்டும் எனக்கு எரிச்சல் வந்துவிடும். "சொந்தத்துக்குள்ளதானே ஐயா வாங்கிறம், நன்கொடையெண்டு எழுதினா வரி குறையுமெல்லோ?" என்று யாராவது கேட்டால், "வித்ததை வித்ததெண்டு எழுதுங்கோ!" என்று கத்திவிடுவேன். கிழவனுக்குப் பிரஷர் ஏறிவிட்டது என்று நினைத்துக்கொண்டு அவர்கள் போய்விடுவார்கள்.

அந்தக் கெட்டித்தனமான யோசனையை ஒருகாலத்தில் நானே சொன்னேன். சொன்னது என் அக்காவுக்கு.

இறக்கக்கண்டியில் கடலுக்குக் கிட்ட அக்காவின் சீதனக் காணி ஒரு துண்டு இருந்தது. எங்கள் பக்கத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைகளுக்குத்தான் போகும். அக்காவுக்கு ஒரே மகள், ஆகவே அந்தக் காணி அவளுக்கு என்பது அவள் பிறந்த அன்றே முடிவான விஷயம். அவள் மட்டக்களப்பில் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது அத்தானுக்கு இருதயத்தில் அடைப்பு என்று சொல்லி, கொழும்பில் சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். கையில் காசில்லை. அக்கா என்னிடம் வந்து காணியை வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

எனக்கு அந்தக் காணியில் ஏற்கெனவே ஒரு கண். நிலாவெளியில் அறை கட்டி உல்லாசப் பயணிகளுக்கு விடுகிறவர்களைப் பார்த்து வயிறெரிந்துகொண்டிருந்த காலம் அது. நியாயமான விலைதான் பேசினேன், முழுக்காசையும் ஒரே தடவையில் கொடுத்தேன். அத்தோடு நின்றிருக்கலாம். காணி உறுதிப் பத்திரம் எழுதும்போது என் கணக்குப் புத்தி சும்மா இருக்கவில்லை.

"நன்கொடையெண்டு எழுதுவம் அக்கா. முத்திரை வரி குறையும். வித்த இலாபத்துக்கு வரியெண்டு உங்களையும் ஒருத்தரும் கேக்க மாட்டினம்."

"எனக்கு உதொண்டும் விளங்காது தம்பி. நீ சொன்னாச் சரி."

"ஆனா காசு குடுத்த கதை வெளியால போகக் கூடாது. மகளுக்கும் சொல்லாதேங்கோ. தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் பிரச்சினை."

"ஓம், சொல்ல மாட்டன்."

"என் சகோதரன்மீது கொண்ட அன்பின் காரணமாக" என்று அக்கா கொடுப்பதாக உறுதியில் எழுதினார்கள். மிச்சம் பிடித்த காசில் நான் ஒரு பிரிட்ஜ் வாங்கினேன்.

அத்தான் பிழைத்து மூன்று வருடம் நன்றாக இருந்தார், பிறகு வேறு வருத்தம் வந்து போய்ச் சேர்ந்தார். சத்திரசிகிச்சைக்கு ஆன காசு தகப்பனின் சேமிப்பு என்றுதான் மகள் நம்பியிருந்தாள். காணியை மாமா வேலி போட்டுப் பார்த்துக்கொள்கிறார் என்றும் நம்பியிருந்தாள்.

அதற்குப் பிறகுதான் அறை கட்டக் கடன் கேட்டு வங்கிக்குப் போனேன். அதிகாரி உறுதியைப் புரட்டிவிட்டு, "இது நன்கொடைக் காணியெல்லோ, இப்பிடியே ஈடு வைக்க ஏலாது" என்றார். வாங்கியவன் நன்றிகெட்டு நடந்தால், கொடுத்தவர் வழக்குப் போட்டு நன்கொடையைத் திருப்பிக் கேட்கலாமாம். அப்படிக் கேட்கமாட்டேன் என்று அக்கா கையெழுத்து வைத்தால் கடன் கிடைக்கும். ஊருக்கெல்லாம் வரி சொல்லிக்கொடுத்த எனக்கு இது தெரிந்திருக்கவில்லை.

சட்டத்தரணியின் கந்தோருக்கு வங்கி அதிகாரியும் வந்திருந்தார். அக்காவை மகள் ஸ்கூட்டியில் ஏற்றிக்கொண்டு வந்தாள். மாமாவின் கடனுக்கு அம்மா சாட்சிக் கையெழுத்து வைக்கப்போகிறார் என்று நினைத்து வந்தவள் அவள். சட்டத்தரணி பத்திரத்தைச் சத்தமாக வாசித்தார். இறக்கக்கண்டி என்ற பேர் வந்ததும் அவள் கதிரையில் நிமிர்ந்தாள்.

"அம்மா, அது எங்கட காணியெல்லோ? மாமாவுக்குச் சும்மாவோ குடுத்தனீங்கள்?"

அக்கா என்னைப் பார்த்தார்.

ஒரு வசனம் போதும். உன் அப்பாவைக் காப்பாற்ற அம்மா இதை எனக்கு விற்றார் பிள்ளை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் உறுதியில் இருப்பது பொய் என்று அதிகாரிக்கு முன்னால் நானே ஒப்புக்கொண்டதாகும். கடன் போய்விடும், கட்டாத வரி தண்டத்தோடு வரும். இவ்வளவையும் ஒரு நொடியில் கணக்குப் போட்டு முடித்துவிட்டு, மேசையில் கிடந்த ரப்பர் முத்திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஓம், சும்மாதான் குடுத்தனான்," என்றார் அக்கா. "என்ர தம்பிதானே."

"அப்ப நான் உங்களுக்கு ஆர்?"

பதிலுக்கு நிற்காமல் மகள் படியிறங்கிப் போனாள். கீழே ஸ்கூட்டி கிளம்பியது. சட்டத்தரணி காட்டிய இடத்திலெல்லாம் அக்கா கையெழுத்து வைத்தார்.

திரும்பும்போது அவரை ஓட்டோவில் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். "அந்தப் பேப்பரில என்ன தம்பி கிடந்தது? அவர் வாசிச்சது ஒண்டும் விளங்கேல்ல," என்று கேட்டார்.

"நான் நன்றிகெட்டு நடந்தாலும் காணியைத் திருப்பிக் கேக்க மாட்டீங்களெண்டு."

அக்கா சிரித்துவிட்டார். "இதுக்கும் ஒரு பேப்பரோ? நீ அப்பிடி நடப்பியே?" பிறகு, "லோன் வந்திடும்தானே?" என்று கேட்டார். நான் கூனிக் குறுகிப்போய் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

லோன் வந்தது. நாலு அறை கட்டினேன். கடனில் பெரும்பகுதி கட்டியாகிவிட்டது, வாடகை வருமானத்துக்கு ஒரு சதம் பிசகாமல் வரியும் கட்டுகிறேன். மகள் கலியாணம் முடித்து உப்புவெளியில் வாடகை வீட்டில் இருக்கிறாள், அக்கா அவளோடுதான். எனக்குக் கொடுத்த வாக்கை அக்கா இன்றைக்கும் மீறவில்லை. நான் போனால் தேநீர் கொண்டுவந்து வைப்பாள். மாமா என்று கூப்பிடுவதில்லை. தாயோடும் அளந்துதான் கதைத்துவிட்டுக் குசினிக்குப் போய்விடுவாள். அந்த நேரத்தில் அக்கா என் முகத்தைப் பார்ப்பார், அன்றைக்குச் சட்டத்தரணியின் கந்தோரில் பார்த்த மாதிரியே. நான் தேநீரைக் குடித்துவிட்டு எழும்பிவிடுவேன்.