கல்லுக்குப் போட்ட பெட்டி

நம்பினால் நம்புங்கள். கதை கட்ட எனக்குத் தெரியாது, நான் தச்சன். ஸ்காட்லாந்தில், எங்கள் ஆங்கஸ் பக்கம், சாலையோரத்தில் ஒரு கல் நிற்கிறது. பிக்ட் இனத்தார் ஆயிரத்துச் சொச்சம் வருஷத்துக்கு முன்பு செதுக்கியது. பாம்பு, கண்ணாடி, சீப்பு எல்லாம் இருக்கும். ஆளைவிட உயரம். உறைபனியில் கல் விரிசல் விடாமல் இருக்க, குளிர்காலம் வந்தால் மரப்பெட்டி போட்டு மூடிவிடுவோம். நானும் என் தங்கை எல்ஸ்பெத்தின் புருஷன் ஃபெர்கஸும்தான் இந்த வேலைக்குப் போவோம்.

அன்றைக்கு நவம்பர் எட்டு. பிற்பகல் மூன்று இருபது. கடல் மூடுபனி வயலேறி வந்துவிட்டது. கடைசிப் பலகையை மாட்டும் முன் உள்ளே ஒருமுறை எட்டிப் பார்ப்பது வழக்கம். பூனை ஏதாவது புகுந்திருக்கும். அன்று கை விறைத்துப் போயிருந்தது. பார்க்காமலேயே எட்டுத் திருகாணியையும் முறுக்கிவிட்டேன்.

டக்... டக்... டக்.

உள்ளேயிருந்துதான்.

"மச்சான், திற. சும்மா விளையாட்டுக்குப் புகுந்தேன்."

ஃபெர்கஸ் குரல். போன வருஷமும் இதே குசும்பு பண்ணியவன்.

"கொஞ்ச நேரம் கிட. என் தங்கச்சியாவது நிம்மதியா இருக்கட்டும்."

"மூச்சு முட்டுது மச்சான்..."

சிரித்துக்கொண்டே கழற்றினேன். ஏழு வந்துவிட்டது. மணி மூன்று முப்பத்தொன்று.

"என்ன மச்சான், மாட்டுனதையே கழட்டுற? டீ ஆறுது."

திரும்பினேன். ஃபெர்கஸ். வேனிலிருந்து இரண்டு குவளையோடு வருகிறான்.

பெட்டிக்குள் அழுகை.

"அது நான் இல்ல மச்சான்... அவன்கூடப் போகாத..."

வெளியே நின்றவன் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை. டீயை நீட்டினான்.

பயத்தில் எனக்குப் புத்தி வேலை செய்யவில்லை. கண்ணால் பார்த்தவனை நம்பினேன். கழற்றிய ஏழு திருகாணியையும் திரும்ப முறுக்கினேன்.

டக்... டக்...

வேனில் ஏறினோம். பாதி வழியில்தான் கவனித்தேன். என் பக்கத்து ஜன்னல் கண்ணாடி மட்டும் மூச்சுப் பட்டு மங்கியிருந்தது.

அவன் பக்கம்... பளிச்சென்று இருந்தது.

குளிர்காலம் முழுக்க அந்தச் சாலைப் பக்கமே நான் போகவில்லை. கோழை என்று சொல்லிக்கொள்ளுங்கள்.

ஏப்ரலில் தனியாகப் போய்த் திறந்தேன்.

கல் மட்டும்தான் இருந்தது.

உள்பலகை முழுக்க நகக் கீறல்.

நேரே தங்கை வீட்டுக்குப் போனேன். "ஃபெர்கஸ் எப்படி இருக்கான்?" என்று கேட்டேன். எல்ஸ்பெத் கதவைச் சாத்திவிட்டு வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நவம்பர்லேருந்து அவர் படுக்கிறதே இல்லண்ணே. விடிய விடிய இருட்டுல நின்னுகிட்டே இருக்காரு."