இடியை வாசலிலேயே மடக்கிய கதை

வயரிங்காரன் மாட்டிய விளக்கு எரிந்தால் பெயர் கரண்ட் ஆபீஸுக்கு, அணைந்தால் திட்டு வயரிங்காரனுக்கு. ஏணி தூக்கிய எல்லாருக்கும் இது தெரியும்.

எண்பதுகளில் பெரம்பலூர்ப் பக்கம் கலர் டிவி வர ஆரம்பித்தபோது நான் அரெஸ்டர் மாட்டத் தொடங்கினேன். கைக்கு அடக்கமான கறுப்புக் கட்டி. கம்பி வழியாக வீட்டுக்குள் பாயும் இடியைப் பிடித்து மண்ணுக்குள் இறக்கிவிடும். அதை விற்பது சுலபம். எங்கே மாட்டுவது என்பதில்தான் ஊர் ஊராகச் சண்டை.

ஷோகேஸ்

வாலிகண்டபுரத்தில் ஒரு ரைஸ் மில் முதலாளி. புது டிவியை ஹாலில் கண்ணாடி ஷோகேஸுக்குள் வைத்திருந்தார். அரெஸ்டரையும் அதன் பக்கத்திலேயே மாட்டச் சொன்னார். "மீட்டர்கிட்ட மாட்டணுங்க" என்றேன். "டிவிக்கு வாங்கினதை மீட்டருக்கு எதுக்கு மாட்டறது?" என்றார்.

"இடி தெருக்கம்பத்துலேருந்து மீட்டர் வழியாத்தான் உள்ள வரும். டிவிகிட்ட வந்து சேர்றதுக்குள்ள ஃபேன், மோட்டார் எல்லாத்தையும் தொட்டுட்டுத்தான் வரும். திருடனை வாசல்ல மடக்குவீங்களா, பீரோகிட்ட மடக்குவீங்களா?" என்றேன். அடுக்களையிலிருந்து அவர் சம்சாரம், "அவர் சொல்றதுதாங்க சரி" என்று குரல் கொடுத்தார். மொட்டை மாடி ஆன்டெனா குழாய்க்கும் ஒரு எர்த் கம்பி இறக்கினேன். கொல்லைக் கதவைத் திறந்து போட்டுவிட்டு வாசலைப் பூட்டி என்ன பயன்? முதலாளி மீட்டர் பலகையைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். கடைசியில் சொன்னார்:

"சரி, வாசல்லயே இருக்கட்டும். ஆனா வர்றவன் போறவன் கண்ணுல படற மாதிரி மாட்டுங்க!"

சுருட்டி வைத்த ஒயர்

ஏலாக்குறிச்சிப் பக்கம் ஒரு சின்ன மாதா கோயில். முந்தின வருஷத் திருவிழாவில் இடி இடித்து மைக் செட் கருகிப்போனது. "மணிக்கூண்டுல இடிதாங்கி இருக்கே தம்பி, அப்புறம் எப்படி?" என்று பங்குச்சாமியார் கேட்டார். "இடிதாங்கி கட்டடத்தைக் காப்பாத்தும் சாமி. கம்பி வழியா வர்ற இடி அதுகிட்ட கேட்டுக்கிட்டா வருது?" என்று சொல்லிவிட்டு, மெயின் போர்டில் அரெஸ்டரை மாட்டினேன்.

மறுவாரம் போய்ப் பார்த்தால் அதிலிருந்து மண்ணுக்குப் போகிற ஒயரைக் காணோம். அதற்குப் பதில் உபதேசியார் அருளப்பன் நீளமாக வேறொன்று போட்டு, மிச்சத்தை ஜிலேபி மாதிரி அழகாகச் சுருட்டி ஆணியில் தொங்கவிட்டிருந்தார். "பின்னால உதவும்ல?" என்றார். "அவசரமா ஓடறவன் பிரதட்சணம் பண்ணிட்டா போவான்?" என்று கேட்டுக்கொண்டே வெட்டி, குட்டையாக, நேராக மண்ணில் இறக்கினேன். அவருக்கு முகம் சுருங்கிவிட்டது.

அந்த வருஷம் தேர் கிளம்பும் நேரத்தில் இடி இடித்து வானம் கிழிந்தது. விளக்கெல்லாம் அணைந்தது. ஜனம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது, நானும்தான். கரண்ட் திரும்பியதும் ஸ்பீக்கர் கணீரென்று பாடியது! அருளப்பன் என் தோளில் கை போட்டு, காதோடு சொன்னார்:

"சாமியோட பிரசங்கத்தையும் இந்த ஒயர் மாதிரி குட்டையா, நேரா ஆக்கிக் குடுத்துட்டுப் போங்களேன்."

பின்கட்டு

அரியலூரில் ஒரு லேடி டாக்டர் எக்ஸ்ரே மிஷின் வாங்கினார். அதுவரை அந்தச் சுற்றுவட்டாரத்தில் எலும்பு முறிந்தவர்களைத் திருச்சிக்குத்தான் தூக்கிப் போவார்கள். மிஷின் பின்கட்டில், நடுவே பெரிய முற்றம். முன்கட்டில் ஒரு அரெஸ்டர் மாட்டிவிட்டு, பின்கட்டுக்கும் ஒன்று வேண்டும் என்றேன். "ஒரு வூட்டுக்கு எத்தனை காவக்காரன் சார்?" என்று மேனேஜர் சிரித்தார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. "முன்னாடியே மடக்கிட்டா பின்னாடி எதுக்குங்க?" என்று கேட்டார். "நடுவுல முற்றத்து மேல ஒயர் திறந்தவெளியில போகுதும்மா. பக்கத்துல இடி விழுந்தா அதுலயே ஏறிக்கும்" என்றேன். "மாட்டுங்க" என்றார்.

ஐப்பசியில் ஒரு மத்தியானம் போன் வந்தது: பெரிய இடி, பின்கட்டு அரெஸ்டர் பெட்டியில் புகை. பெரம்பலூரிலிருந்து அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். மிஷின் போயிருந்தால் அந்த ஊரில் இனி நான் ஏணி சாத்த முடியாது. உள்ளே போனால், கீழப்பழுவூரில் புளியமரத்திலிருந்து விழுந்த ஒரு ஆள் கையைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் முனகிக்கொண்டிருந்தார். பெட்டியைத் திறந்தேன். அரெஸ்டர் வெடித்து இரண்டாகக் கிடந்தது. ஃபியூஸ் போயிருந்தது. செத்ததைக் கழற்றி, வேறொன்று மாட்டி, ஃபியூஸ் கட்டி, டாக்டரம்மாவைப் பார்த்தேன். அவரே சுவிட்சைப் போட்டார். மிஷின் உறுமியது. கொஞ்ச நேரத்தில் புளியமரத்துக்காரரின் எலும்பு, கழுவி எடுத்த ஈர எக்ஸ்ரே படத்தில் பளிச்சென்று தெரிந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. மேனேஜர் மெதுவாக என் பக்கம் வந்தார்:

"எங்க வூட்டுலயும் முன்கட்டு, பின்கட்டு ரெண்டும் இருக்கு சார். எப்ப வரீங்க?"

புகார்

இத்தனை ஜெயித்தும் ஒருவரிடம் தோற்றேன். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு வாத்தியார் என்னை மடக்கினார். முகத்தில் கடுகு போட்டால் பொரியும்.

"நீங்க மாட்டிட்டுப் போன நாள்லேருந்து எங்க தெருவுல ஒரு இடிகூட விழல. வேலைக்காகாத சாமானை ஏன்யா தலையில கட்டினீங்க?"

இடியையே ஜெயித்த எங்களால், இடி விழாத வீட்டுக்காரரை மட்டும் இன்றுவரை ஜெயிக்க முடியவில்லை.