பெட்டி மட்டும் வந்த சனிக்கிழமை

பகல் பதினொன்றே கால் மணிக்கு என் மகள் சாராளின் தகரப் பெட்டி, பூந்தமல்லியில் எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கியது. சாராள் வரவில்லை.

சகோதரிகளே, இது நடந்து இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை. நம் ஜெபக்கூட்டத்தில் சாட்சியாக வாசிக்கத்தான் எழுதுகிறேன்; எழுதும்போது பாதி பயம், பாதி கோபம். சாட்சி சொல்கிறவள் சாந்தமாகச் சொல்ல வேண்டும் என்பீர்கள். எனக்கு அது வராது. நடந்தபடியே சொல்கிறேன்.

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணம் காலியாகிக்கொண்டிருந்த சித்திரை மாதம். சாலை நெடுகக் கட்டிலும் அம்மியும் கிழவர்களுமாக மாட்டுவண்டிகள் வந்துகொண்டிருந்தன. நான் விதவை. பெண்கள் பள்ளியில் உபாத்தியாயினி. என் ஒரே மகள் பட்டணத்து ஆஸ்பத்திரியில் நர்சு படிப்புப் படிக்கிறாள். எல்லாரையும் ஊருக்கு அனுப்புகிறார்கள், சனிக்கிழமை வந்துவிடுகிறேன் என்று கார்டு போட்டிருந்தாள்.

"வாத்தியாரம்மா ஊடு இதானே?" என்றான் வண்டிக்காரன். "சர்ச்சாண்ட ஒரு அம்மா வழி காட்டிச்சு."

"பொண்ணு எங்கேப்பா?"

"என் வண்டில எடம் இல்லம்மா. பொட்டிய மட்டும் ஏத்திட்டு, பின்னால வந்த வண்டில குந்திச்சு. வந்துகினு கீது, பயப்படாத."

"பின்னால எந்த வண்டி?"

"மதுரவாயல் வரைக்கும் பாத்தேன். அப்பால காணோம்மா."

காணோம். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டு மாட்டைத் தட்டினான்!

பன்னிரண்டு ஆயிற்று. ஒன்று ஆயிற்று. வந்த ஒவ்வொரு வண்டிக்குள்ளும் குனிந்து பார்த்தேன். இரண்டு மணிக்கு, "சாராள், உள்ளே இரு, அம்மா வருகிறேன்" என்று சாக்குக்கட்டியால் கதவில் எழுதிவிட்டு, நம் ஜெபக்கூட்டத் தலைவியம்மாள் வீட்டுக்கு ஓடினேன். அவர்களிடம் ஜட்கா வண்டி இருக்கிறது. வண்டியில் வீட்டு வெண்கலப் பாத்திரங்களைச் சாக்கில் சுற்றி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் ஆராதனை முடிந்ததும் வேலூருக்குப் புறப்பாடு.

"அம்மா, வண்டியை ஒரு மணி நேரம் கொடுங்கள். வானகரம் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன்."

"ஏத்தின சாமானை எறக்கவா சொல்றே ஞானம்? நாங்க ஜெபிக்கிறோம். பொட்டி வந்துடுச்சில்ல, பொண்ணும் வந்துடும்."

அருகில் நின்ற இன்னொரு சகோதரி விட்டாளா? "கண்டவன் புண்ணைத் தொடுற வேலைக்கு அனுப்பினே. இப்ப ரோட்டுல தேடுறே. நாங்க அப்பவே சொல்லல?"

தலைவியம்மாள் வேலூரிலிருந்து திரும்பியாயிற்று; இதைக் கேட்டுக்கொண்டிருக்கும் உங்களில் அந்த இருவரும் உண்டு. முகம் சுளிக்க வேண்டாம். நீங்கள் சொன்னதைத்தான் சொல்கிறேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை.

அந்த வார்த்தை ஏன் அப்படிச் சுட்டது என்றால், அதையே சொல்லி நான் ஒன்றரை வருஷமாகச் சலோமியை மனசுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். நம் பைபிள் அம்மாள் சலோமி. வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு வேதம் வாசிக்கிறவள். நானும் அவளும் ஒரே போர்டிங்கில் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். சாராளை டீச்சர் டிரெயினிங்குக்கு அனுப்ப நான் எண்ணியிருக்க, நர்சு படிப்புக்கு மனு எழுதிக் கொடுத்தவள் அவள். என் பிள்ளையை என்னிடமிருந்து பிடுங்கிவிட்டாள் என்று அன்றோடு பேச்சை விட்டேன்.

நம் சபையின் முறை உங்களுக்குத் தெரியும். அப்பமும் ரசமும் எடுக்கும் இராப்போஜனப் பந்திக்கு முந்தின நாள், சனிக்கிழமை மாலை ஆயத்த ஆராதனையில் பாதிரி ஐயரிடம் பேர் கொடுக்க வேண்டும். யாரோடாவது மனஸ்தாபம் இருந்தால் சமாதானமான பிறகுதான் கொடுக்கலாம். நான் என்ன செய்தேன்? சமாதானமாவதை விட்டுவிட்டு இராப்போஜனத்தையே விட்டேன். பொய்யாகப் பந்திக்குப் போகாத என் உண்மையை நானே மெச்சிக்கொண்டேன். சலோமியும் பேர் கொடுப்பதை நிறுத்தினாள். பைபிள் அம்மாளே பந்திக்கு வராவிட்டால் எப்படி என்று சபையில் விசாரித்தார்கள். அவள் காரணம் சொல்லவில்லை. குற்றமுள்ள மனசு, குறுகுறுக்கிறது என்று எனக்கு உள்ளூர சந்தோஷம்.

தலைவியம்மாள் வீட்டிலிருந்து நேரே சலோமி வீட்டுக்குத்தான் போனேன். வாய்க்கு வந்தபடி திட்டத்தான் போனேன். சர்ச்சுக்குப் பக்கத்து வீடு. கதவில் பூட்டு.

ஓடிவிட்டாள் என்று நினைத்தேன். என் மகளை அந்தப் பட்டணத்துக்குள் தள்ளிவிட்டவள், தன் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவிட்டாள்! அந்தப் பூட்டை ஒரு கல்லால் அடித்தேன். படித்தவள், பிள்ளைகளுக்கு நீதிபோதனை நடத்துகிறவள், தெருவில் நின்று பூட்டை அடித்தேன்.

பிறகு பட்டணத்துச் சாலை முனை வரைக்கும் போனேன். எதிரே பட்டாளத்து லாரிகள், ஜனங்கள், புழுதி. அந்த நெரிசலுக்கு எதிராகத் தனியே நடக்க எனக்குத் தைரியம் வரவில்லை. வெட்கத்தோடு சொல்கிறேன். திரும்பிவிட்டேன். கதவில் நான் எழுதியது அப்படியே இருந்தது. யாரும் தொடவில்லை.

ஐந்து மணிக்குச் சர்ச் மணி அடித்தது. அங்கே ஆண்கள் வருவார்கள், யாராவது துணைக்கு வரமாட்டார்களா என்று போனேன். கடைசிப் பாயில் உட்கார்ந்தேன். எல்லாரும் பாடினார்கள். நான் ஜெபித்தேன். அதை ஜெபம் என்பீர்களோ, சண்டை என்பீர்களோ, தெரியாது. "ஆண்டவரே, உம்மிடம் அழகாகப் பேச எனக்கு மனமில்லை. புருஷனை எடுத்துக்கொண்டீர், வாய் திறக்கவில்லை. இவளையும் எடுத்தால் இந்த வாசலை இனி மிதிக்க மாட்டேன். என் பிள்ளையைக் கொண்டுவாரும். ஆனால் அந்தச் சலோமி முகத்தில் மட்டும் என்னை விழிக்க வைக்காதேயும்."

இதுதான் என் ஜெபம். சேர்ப்பதற்கு வேறு ஒன்றும் இல்லை.

முடிவைச் சொல்வதற்கு முன் இதைச் சொல்லிவிடுகிறேன். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். அவர் அந்த ஜெபத்தைக் கேட்டார், பாதியை மட்டும். மற்றப் பாதியைத் தள்ளியதற்காக அவருக்கு இன்னும் அதிகமாக ஸ்தோத்திரம். ஆஸ்பத்திரியிலிருந்து ஆள் வேண்டும் என்று மறுபடி கடுதாசி வந்தபோது, சாராளின் பெட்டியை நான்தான் கட்டினேன். உங்களில் சிலர்மேல் எனக்கு இருக்கும் கோபம் தீரவில்லை. தீரும் என்று பொய் சொல்லவும் மாட்டேன். ஆனால் இனி அதை வைத்துக்கொண்டு பந்தியை விட்டு ஒதுங்க மாட்டேன். உங்கள் வீட்டுக்கே வந்து, உங்கள் முகத்துக்கு நேரே சொல்லித் தீர்த்துக்கொள்வேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். கோபத்தோடு ஜெபிக்கிறோமே என்று பயப்பட வேண்டாம். கோபத்தை அவரிடமே கொண்டுபோங்கள். அவர் தாங்குவார்.

இனி முடிவு. ஐயர் புத்தகத்தைத் திறந்து பேர் எழுதி முடித்துவிட்டார். "வேறு யாராவது?" என்றார். நான் தலை குனிந்துகொண்டேன்.

வாசலில் சத்தம். திரும்பினேன். சாராள் நின்றாள். புடவையெல்லாம் ரத்தம்.

நான் அலறினேன். அவள் ஓடிவந்து என் வாயைப் பொத்தினாள். "பதறாதம்மா, இது என் ரத்தம் இல்ல. கூட வந்த பொண்ணுக்கு வானகரத்துல வலி எடுத்துடுச்சு. வண்டிய நிறுத்திட்டு, மரத்தடியில புடவையைக் கட்டிப் பிரசவம் பாத்தேன். ஆம்பளப் புள்ள. நல்லாக் கீறாங்க ரெண்டு பேரும். சலோமி அத்தை மட்டும் வரலைன்னா தனியாத் தவிச்சிருப்பேன். பொட்டிய வண்டில பாத்த நிமிஷமே கதவைப் பூட்டிட்டு, ஒவ்வொரு வண்டியா விசாரிச்சுகினே நடந்து வந்துக்கீறாங்க."

அவளுக்குப் பின்னால் சலோமி. செருப்பு இல்லை. முழங்கால் வரைக்கும் புழுதி. என்னைப் பார்க்காமல் ஐயரைப் பார்த்தாள்.

"ஐயரே, புஸ்தகத்த மூடாதீங்க. இன்னும் ரெண்டு பேரு கீது. என் பேரை எழுதுங்க. அதுக்குக் கீழ ஞானம்னு எழுதுங்க."

பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"இன்னாடி பாக்குற? எழுதலாமா வேணாமா? சொல்லித் தொலை, கால் வலிக்குது."